கழட்டாத துண்டு

மண்ணெண்ணெய்க்கு வரிசையில ஆளுக்குப் பதிலா கேனை வச்சோமே, ஒரு கேன் காதுல இருந்து அடுத்த கேன் காதுக்குக் கயித்தக் கோத்து, எவனும் நடுவுல பூந்துறக் கூடாதுன்னு, அந்த வருசம் ஞாபகம் இருக்குங்களா? நான் சொல்றது அந்த வருசம் இல்ல. அதுக்கு அடுத்த வருசம். என் கேன் அந்த வரிசையில மூணு நாள் நின்னுச்சு. நான் வீட்ல படுத்திருந்தேன், கேன்தான் நின்னுச்சு. அத விடுங்க.

எனக்கு எழுத்து வராது. பள்ளிக்கூடம் ரெண்டு வருசம் போனேன், அதுலயும் ஒரு வருசம் மழ. நான் சொல்லச் சொல்ல மருமக எழுதுறா. "மாமா, சுத்தாம சொல்லுங்க, கை வலிக்குது"ன்னு இப்பவே சொல்லிட்டா. சுத்தாம சொன்னா ஒரே வரிதான். ஒரு புள்ளைக்குக் கிடைக்க வேண்டியத கிடைக்க விடாம பண்ணிட்டு, பழிய வேற ஒரு நல்ல மனுசன் தலையில போட்டேன். அது எப்படின்னு சொல்றதுக்குத்தான் சுத்த வேண்டியிருக்கு.

எங்க தோட்டத்துல, காலையில வேலைக்குப் பேரு கூப்புடுற பெரட்டுக் களத்துக்குக் கீழ ஒரு கிரவுண்டு இருக்கு. கொஸ்லந்தையில இருந்து நடந்து வந்தா முக்கா மணி நேரம். கிரவுண்டுன்னா ரொம்ப நெனச்சுக்காதீங்க. மலைய வெட்டி ஒரு துண்டு சமமாக்குனது, அவ்வளவுதான். ஒரு பக்கம் மண் மேடு. மத்த மூணு பக்கமும் தேயிலை, செங்குத்தா கீழ எறங்குது. பந்து அதுக்குள்ள விழுந்தா செடிக்குச் செடி தாவித் தாவி ஓடைக்கே போயிரும். எங்க காலத்துல ஒரு பந்துதான் இருக்கும். தேட எறங்குனா அட்டை. குளவிக் கூடு வேற. கொப்பு ஒடிஞ்சா கங்காணி வந்து நிப்பாரு. அதனால எங்க கிரவுண்டுல ஒரு சட்டம் வச்சிருந்தோம். தேயிலைக்குள்ள பந்து விழுந்தா அவுட்டு. மத்த ஊர்ல அது ஆறு ஓட்டம். எங்களுக்கு அவுட்டு, அதோட அடிச்சவனே போய்த் தேடவும் வேணும்.

அந்தச் சட்டத்துல வளந்த ஆளு நான். பந்து வந்தா மட்டைய லேசா காட்டணும், கை தளர்வா இருக்கணும், பந்து காலடியில செத்து விழணும். அது நிக்கிறதுக்குள்ள அந்தப் பக்கம் ஓடிறணும். தட்டிட்டு ஓடுறது. ஸ்டோர்ல தேயிலை அரைக்கிற மெசின்ல முப்பத்தேழு வருசம் வேல செஞ்சேன், அதுல ஒரு ஆளும் என் பேரச் சொன்னதில்ல. தோட்டத்துக்குத் தோட்டம் மெச் நடந்தா மட்டும், "அந்தத் தட்டுற ஆளு வந்திருக்கா?"ன்னு கேப்பாங்க. எனக்குன்னு இருந்த ஒரே பெரும அது.

முழங்கால் போன பெறகு மேட்டு மேல உக்காந்து பாப்பேன். பள்ளிக்கூடத்துப் பொம்பளப் புள்ளைங்க சொப்ட்போல் கிரிக்கெட் வெளையாட ஆரம்பிச்சாங்க. பதுளை டவுன்ல இருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வந்த ஒரு மாஸ்டர் பழக்கினாரு. நாப்பது வயசு இருக்கும், வேதக்காரர், ஞாயித்துக்கிழமயும் சேர்ச்சுல பூச முடிஞ்சதும் பஸ் ஏறி வந்துருவாரு, சம்பளமா சலுகையா ஒண்ணும் இல்லாம. நான் மேட்டுல இருந்து கத்திக்கிட்டே இருப்பேன், கைய தளத்து, குனி, ஓடுன்னு. ஒரு நாள் மாஸ்டர் நிமிந்து பாத்து, "தாத்தா, அங்க இருந்து கத்தி தொண்டை போயிரும். கீழ வந்தே கத்துங்க"ன்னாரு. அப்படித்தான் நானும் பழக்குறவனா ஆனேன்.

அந்தக் கூட்டத்துல ஒரு புள்ள இருந்துச்சு. பீச்சாங்கைக்காரி. சின்னதுல பீச்சாங்கையில சோறு எடுத்தா அம்மாக்காரி அகப்பையால போடுவா. சோத்துக்குச் சோத்தாங்கை வந்துருச்சு, மட்டைக்கு வரல. மட்டைய மட்டும் யாரும் பிடுங்கல. பதினேழு வயசு. அது அடிச்சா பந்து போற சத்தமே வேற. மொத நாளே ஒண்ணு தூக்கி அடிச்சிச்சு. பந்து மேல போய், தேயிலை எல்லாம் தாண்டி, கீழ ரோட்டுல விழுந்துச்சு.

"அவுட்டு!"ன்னு நான் கத்துனேன்.

"சிக்ஸ்!"னு மாஸ்டர் கத்துனாரு.

புள்ள ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துச்சு. "சேர், நான் நிக்கவா, போகவா?"

"பாதி நில்லுடி, பாதி போடி"ன்னு ஒருத்தி சொல்ல எல்லாம் சிரிச்சிச்சுங்க. மாஸ்டரும் சிரிச்சாரு. நான் சிரிக்கல. "பந்த யாரு எடுக்கிறது?"ன்னேன். "நானே எடுக்குறேன் தாத்தா"ன்னு மாஸ்டர் எறங்கிப் போனாரு. டவுன் செருப்போட. அட்டை கடிச்சு கால் எல்லாம் ரத்தமா வந்தாரு. பந்த எங்கிட்ட குடுத்து, "இது ஆறு ஓட்டத்து ரத்தம்"னாரு.

அன்னையில இருந்து எங்க ரெண்டு பேருக்கும் இதே சண்டதான். எப்ப தட்டணும், எப்ப அடிக்கணும். மாஸ்டர் சொல்றது, எதிர் டீம் தூரமா நின்னா தட்டலாம், கிட்ட வந்து வளச்சு நின்னா தலைக்கு மேல தூக்கி அடிக்கணும். நான் சொல்றது, கிட்ட வந்தாலும் தட்டலாம், கை மெதுவா இருந்தா போதும். அடிக்கிறது பத்துல ஒண்ணுதான் போகும். தட்டுறது பத்துல எட்டு.

ஒரு சனிக்கிழம, மறுநாள் பதுளையில மெச். அதுக்காக மாஸ்டர் அன்னைக்கும் பழக்க வந்திருந்தாரு. தேத்தண்ணிக் கடையில உக்காந்து இதையே பேசிக்கிட்டிருந்தோம். கடைக்காரர், "தாத்தாவுக்கு முழங்கால் வலி. அதான் பந்து தூரமா போகக் கூடாதுங்கிறாரு"ன்னு சொல்லிச் சிரிச்சாரு. கடையே சிரிச்சிச்சு. மாஸ்டர் விளையாட்டாத்தான் சொன்னாரு, இப்ப எனக்குத் தெரியுது. "தாத்தா, தேயிலைக்குப் பயந்து பயந்து நீங்க புள்ளைங்களையும் குனிய வச்சிட்டீங்க. தட்டுறது பயந்தவங்க ஆட்டம்"னாரு.

"நாங்க குனிஞ்சு நிமிந்துதான் மாஸ்டர் ஒங்க டவுனுக்குத் தேத்தண்ணி வருது"ன்னேன்.

அதுக்கும் சிரிச்சாங்க. வெளிய பாத்தா நான் ஜெயிச்ச மாதிரிதான். ஆனா பயந்தவன்னு சொன்னது உள்ள போயிருச்சு. என் பெரும அந்தத் தட்டுறது ஒண்ணுதான்னு சொன்னேன்ல. அதப் போய் அத்தன பேருக்கு முன்னால...

சரி. மறுநாள் பதுளைக்குப் போனோம். அங்க கிரவுண்டு வேற மாதிரி. சுத்தி வேலி. தேயிலை இல்ல, ஓடை இல்ல. பந்து எங்க போனாலும் யாராச்சும் எடுத்துக் குடுப்பாங்க. பழக்குற மாஸ்டர்மார்ல டீமுக்கு ஒருத்தர் ஓட்டம் எழுதுற மேசையில உக்காரணும்னு அங்க ஒரு முறை. எனக்கு எழுத்து வராதுல்ல, அதனால மாஸ்டர்தான் போகணும். கோட்டுக்கு வெளிய நின்னு புள்ளைங்களுக்குச் சைக காட்டுறது என் வேல.

சைக என்னன்னா, என் துண்டு. துண்டு தோள்ல கிடந்தா அடி. தலையில கட்டியிருந்தா தட்டு. வாயால சொன்னா எதிர் டீமுக்கு வெளங்கிருமே. கெழவன் துண்ட எங்க போட்டா யாருக்கென்ன?

மேசைக்குப் போறதுக்கு முன்னால மாஸ்டர் என்னத் தனியா கூட்டிட்டுப் போனாரு. "தாத்தா, அங்க கதிரையில ஒரு அம்மாவும் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தரும் இருக்காங்க பாருங்க. மாகாண டீமுக்குப் புள்ளைங்களப் பொறுக்க வந்தவங்க. நம்ம பீச்சாங்கைக்காரி பேரத்தான் மொதப் பேரா எழுதிக் குடுத்திருக்கேன். புள்ளைக்குச் சொல்லல, பயந்துரும். இன்னைக்கி அதத் தட்ட விடாதீங்க. அடிக்கட்டும். தோத்தாலும் பரவாயில்ல."

"சரிங்க மாஸ்டர்"னேன்.

"சத்தியமா?"

"சின்னப் புள்ளையா நான்? சரின்னா சரி."

எட்டு ஓவர் மெச். எதிர் டீம் மொத ஆடுனாங்க. அதுல ஒரு ஒசந்த புள்ள மூணு பந்த வேலிக்கு அடிச்சிச்சு. ஒவ்வொண்ணுக்கும் அந்த அம்மா நோட்டுல எழுதுறது எனக்கு இங்க இருந்தே தெரிஞ்சிச்சு. அப்பறம் நாங்க. எங்க புள்ளைங்க ஒண்ணு ஒண்ணா அவுட்டாகி, பன்னெண்டு பந்து மிச்சம் இருக்கையில பீச்சாங்கைக்காரி எறங்குச்சு. பத்து ஓட்டம் வேணும். அந்தப் பக்கம் நின்னது குள்ளமான ஒரு புள்ள, ஆனா எலி மாதிரி ஓடும், எலின்னுதான் கூப்புடுவோம்.

பீச்சாங்கைக்காரி மட்டைய ஊனிக்கிட்டு என்னப் பாத்துச்சு. துண்டு தோள்ல கெடந்துச்சு. நான் எடுத்துத் தலையில கட்டுனேன்.

ஏன் கட்டுனேன்? வெயில்னு பெறகு மாஸ்டர்கிட்ட சொன்னேன். வெயில் இருந்துச்சு, பொய் இல்ல. ஆனா வெயிலுக்குக் கட்டல. புள்ள அடிச்சு ஜெயிச்சா அது மாஸ்டர் வளத்த புள்ள. தட்டி ஜெயிச்சா அது நான் வளத்தது. தேத்தண்ணிக் கடையில திங்கக்கெழம நான் போய் உக்காரணும். அதுதான் என் மனசுல ஓடுச்சு. வேற ஒண்ணும் இல்ல. எழுதும்மா, அப்படியே எழுது.

புள்ள தட்டுச்சு. ஒண்ணு. குள்ளமானதும் தட்டுச்சு. ஒண்ணு. எதிர் டீமு தடுமாறிப் போச்சு. ஓடி வந்து எடுக்குது, எறியுது, தவறிப் போகுது. என் உள்ளங்காலெல்லாம் கூசுச்சு, சந்தோசத்துல. வயசானவன் அப்படிக் குதிக்கக் கூடாது.

மேசையில மாஸ்டர் எந்திரிச்சு நின்னாரு. எழுதுறத விட்டுட்டு வர முடியாது. தன் தலைய கையால தட்டித் தட்டிக் காட்டுனாரு. துண்ட கழட்டுங்க, கழட்டுங்கன்னு. நான் பாத்தேன். பாக்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

கடசியா ரெண்டு பந்து, ஒரு ஓட்டம் வேணும். எதிர் டீம் அத்தன பேரும் கிட்ட வந்து புள்ளைய வளச்சு நின்னுட்டாங்க. அவங்களுக்குப் பின்னால கிரவுண்டே காலி. ஒரு காக்கா நடந்துக்கிட்டிருந்துச்சு, அவ்வளவு காலி. அந்த அம்மா நோட்ட மடியில விரிச்சு முன்னால சாஞ்சு பாத்துச்சு. கறுப்புக் கண்ணாடிக்காரர் கண்ணாடியக் கழட்டிட்டாரு. புள்ள என்னப் பாத்துச்சு. எப்பவும் ஒரு தடவதான் பாக்கும். அன்னைக்கி ரெண்டு தடவ பாத்துச்சு. சந்தேகம் அதுக்கு. நம்ம தாத்தா இதுக்குமா தட்டச் சொல்றாருன்னு.

துண்ட இழுத்தா போதும். ஒரு கை அசைவு. நான் முடிச்ச இறுக்குனேன்.

பந்து வந்துச்சு, மெதுவா, இடுப்பு ஒசரத்துக்கு, அடிக்கச் சொல்லிக் குடுத்த மாதிரி. புள்ள மட்டையத் தூக்குச்சு. அப்பறம் எறக்கிருச்சு. கையத் தளத்தி, நான் சொல்லிக் குடுத்த மாதிரியே, காலடியில சாக வச்சிச்சு. அப்படி ஒரு தட்ட நான்கூடத் தட்டுனதில்ல. நாலு பேரு பாஞ்சும் எடுக்க முடியல. எலி ஓடி வந்து சேந்துருச்சு. ஜெயிச்சிட்டோம்.

அந்த அம்மா நோட்ட மூடிட்டு எந்திரிச்சிருச்சு.

மாஸ்டர் என்கிட்ட வந்தாரு. "ஏன் தாத்தா?"ன்னு மட்டும் கேட்டாரு. "வெயில் மாஸ்டர், வெயிலுக்குக் கட்டுனேன், மறந்துட்டேன்"னேன். என் தலையில இருந்த துண்டப் பாத்தாரு. பெறகு, "நல்லாத் தட்டுச்சு புள்ள"ன்னாரு. நம்புன மாதிரியும் இல்ல, சண்ட போடவும் இல்ல. சண்ட போட்டிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்.

திரும்பி வர்றப்ப பெரகலையில பஸ் நின்னுச்சு. வடை வாங்கித் தின்னுச்சுங்க எல்லாம். பீச்சாங்கைக்காரி என் பக்கத்துல வந்து உக்காந்து பாதி வடைய எனக்குப் பிச்சுக் குடுத்துச்சு. "தாத்தா, நோட்டு வச்சிருந்த அந்தம்மா யாரு?"ன்னு கேட்டுச்சு.

"யாரோ. நேரம் போகாம வந்திருப்பாங்க"ன்னேன்.

திங்கக்கெழம கடைக்குப் போனேன். எல்லாரும் கையக் குடுத்தாங்க. கடைக்காரர் தேத்தண்ணிக்குக் காசு வாங்கல. மாஸ்டர் அன்னைக்கிக் கடப் பக்கம் வரல. தேத்தண்ணி வாயில வச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு அப்ப குத்தம்னு ஒண்ணும் தோணலைங்க. அதையும் சொல்லணும்ல.

ரெண்டு கெழம கழிச்சு மாகாண டீம் பேருங்க பள்ளிக்கூடத்துக்கு வந்துச்சு. வேலிக்கு அடிச்ச அந்த ஒசந்த புள்ள இருந்துச்சு. நம்ம புள்ள இல்ல. அப்பத்தான் புள்ளைக்கே தெரியும், அன்னைக்கி வந்தவங்க யாருன்னு. அந்திக்கு நாங்க குடியிருக்கிற லயத்துக்கு வந்து என் வாசல்ல நின்னுச்சு. அழல. அழுதிருந்தா நான் உண்மையச் சொல்லியிருப்பேனோ என்னமோ.

"தாத்தா, பேரு குடுத்தாத்தான் பாப்பாங்களாம்ல. சேர் என் பேரக் குடுக்கலியா?"

இங்கதாங்க. துண்டு கட்டுனது ஒண்ணு. இது அத விடப் பெருசு. "குடுத்தாரு, மொதப் பேரா குடுத்தாரு, நான்தான் கெடுத்துட்டேன்"னு ஒரு மூச்சுல சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டவுன் மாஸ்டருக்கு லயத்துப் புள்ளைங்க பேரெல்லாம் எங்கம்மா ஞாபகம் இருக்கும்?"

எங்க புள்ளைங்களுக்காக ரத்தம் வழிய தேயிலைக்குள்ள எறங்குன மனுசனப் பத்தி இதச் சொன்னேன்.

புள்ள சரின்னு தலைய ஆட்டிட்டுப் போயிருச்சு. அடுத்த ஞாயித்துக்கிழம கிரவுண்டுக்கு வரல. பள்ளிக்கூடத்துல மாஸ்டரக் கண்டா மூஞ்சியத் திருப்புச்சாம். அவரு என்கிட்டயே வந்து கேட்டாரு, "நான் என்ன தப்பு பண்ணேன் தாத்தா? ஒங்ககிட்ட எதுவும் சொல்லிச்சா?"ன்னு. "வயசுப் புள்ள, அப்படித்தான்"னேன். இது மூணாவது. புள்ள மட்டைய எலிக்கே குடுத்துட்டு, பள்ளிக்கூடச் சோதனை எழுதி முடிச்ச கையோட மொனராகலைப் பக்கம் துணி தைக்கிற கார்மெண்டுக்கு வேலைக்குப் போயிருச்சு.

போன மாரியம்மன் திருவிழாவுக்கு லீவு எடுத்துட்டு வந்திருந்துச்சு. என்னத் தேடி வந்து ஒரு துண்டு குடுத்துச்சு. புதுசு, நீலக் கரை போட்டது. "ஒங்க துண்டு நைஞ்சு போச்சு தாத்தா, எத்தன மெச்சுப் பாத்தது"ன்னு சிரிச்சிச்சு. நான் மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

"வெளையாடுறியாம்மா?"ன்னு கேட்டேன்.

"கார்மெண்ட்லயும் டீம் இருக்கு தாத்தா. வா, வான்னு கூப்புடுறாங்க. வருசத்துக்கு ஒரு தடவ அங்கயும் மாகாணத்துக்குப் புள்ளைங்கள எடுக்குறாங்களாம். நான் போகல. நமக்கு யாரு பேரு குடுக்கப் போறா? ஆசப்பட்டுத்தான் ஒரு தடவ கெட்டேன்."

வாயத் தெறந்தேன். அந்த நேரம் பாத்து கோயில்ல தப்பு மேளம் அடிக்க ஆரம்பிச்சிட்டாங்க. நிப்பாட்டுறதுக்குக் காத்திருக்கலாம்தான். "சாப்பிட்டியாம்மா?"ன்னு கேட்டுட்டேன். "சாப்பிட்டேன் தாத்தா"ன்னுச்சு. மறுநாள் பஸ் ஏறிருச்சு.

அந்தத் துண்ட நான் இன்னும் தோள்லயும் போடல, தலையிலயும் கட்டல. பெட்டியில இருக்கு.

மாஸ்டர்கிட்ட போன மாசம் சொல்லிட்டேன். மேட்டு மேல உக்காந்திருந்தோம். எல்லாத்தையும் சொன்னேன். கீழ சின்னப் புள்ளைங்க பழகிக்கிட்டிருந்துச்சுங்க. ஒண்ணு தூக்கி அடிச்சு தேயிலைக்குள்ள போச்சு. நான் ஒண்ணும் கத்தல. மாஸ்டரும் கத்தல. பெறகு, "எனக்குச் சொன்னது சரி தாத்தா. புள்ளைக்கு யாரு சொல்றது?"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. பந்து எடுக்கத்தான் போனாருன்னு நெனச்சேன். பஸ்ஸுக்குப் போயிட்டாரு.

போன்ல சொல்லலாம்னு மருமக சொல்றா. ரெண்டு தடவ போட்டுக் குடுத்தா. "தாத்தா!"ன்னு அந்தக் கொரல் வந்ததும் மழ எப்படி, வெயில் எப்படின்னு பேசிட்டு வச்சிட்டேன். மொனராகலைக்கு நேர்ல போக இந்த முழங்கால் விடல. முழங்கால் மட்டும் இல்ல, தைரியமும் இல்ல. மாஸ்டர் அன்னைக்கி கடையில சொன்னது ஆட்டத்துக்குப் பொருந்துதோ இல்லியோ, ஆளுக்குப் பொருந்திருச்சு.

அதனால இதக் கேக்குற நீங்க, வாசிக்கிற நீங்க, யாராச்சும் மொனராகலைப் பக்கம் போனா ஒரு ஒதவி பண்ணுங்க. அந்திக்கு கார்மெண்ட் விட்டுப் புள்ளைங்க கூட்டமா வெளிய வரும். பீச்சாங்கையில பையத் தூக்கிக்கிட்டு ஒண்ணு வரும். கொஸ்லந்தைப் பக்கம் தோட்டத்துப் புள்ளையான்னு கேளுங்க. ஆமான்னா இதச் சொல்லுங்க. சேர் ஒன் பேரத்தான் மொதப் பேரா எழுதிக் குடுத்தாரு. அன்னைக்கி அடிக்க விடச் சொன்னாரு. துண்ட கழட்டாதது தாத்தா. தெரிஞ்சேதான் கழட்டல. அந்த டீமுல போய்ச் சேரச் சொல்லுங்க. எல்லாரும் கிட்ட வந்து வளச்சு நின்னா யாரையும் திரும்பிப் பாக்க வேணாம், தலைக்கு மேல தூக்கி அடிக்கச் சொல்லுங்க.